சீட்டுக்கார அக்கா

சனிக்கிழமை சாயங்காலம் ராயபுரத்தில் ஒரு பெண்ணைப் போனில் பிடிப்பது சுலபம். அன்றைக்குத்தான் பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம். பணத்தை வாங்கிய கையோடு காய்கறிக்கும் மளிகைக்கும் கிளம்புவார்கள். புருஷனும் மாமியாரும் பக்கத்தில் இல்லாமல், கையில் போனோடு, தெருவில் தனியாக ஒரு பெண் நிற்கிற நேரம் வாரத்தில் அது ஒன்றுதான். ஆறு வருஷம் அந்த நேரத்தில் போன் செய்வது என் வேலையாக இருந்தது. எச்.ஐ.வி. தொற்றோடு பிள்ளை பெற்ற பெண்கள் மாத்திரையை நிறுத்திவிடாமல், குழந்தையின் பரிசோதனையைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளும் களப்பணி. அதற்கு முன்னால் ஒரு கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். எந்த அமைப்புக்காக இந்த வேலையைச் செய்தேன் என்று இங்கே சொல்லப்போவதில்லை. எனக்கும் தொற்று உண்டா என்று கேட்கத் தோன்றும். அதற்கும் பதில் சொல்லப்போவதில்லை. கீழே வருகிற பெண்களைப் பற்றிய விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

என்னிடம் இருந்தது ஒரே எண். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் நான் வேறு ஆள். ஒரு வீட்டுக்குத் தையல் டீச்சர். இன்னொரு வீட்டுக்குப் பழைய கம்பெனியில் கூட வேலை பார்த்த பேட்லாக் டெய்லர். மூன்றாவது வீட்டில், குழந்தையின் தடுப்பூசிக்காகப் பேசுகிற பால்வாடி ஆயா. முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுவேன்: “வேற யாராச்சும் போனை எடுத்தா நான் யாருன்னு சொல்லட்டும்?” சிலர் உடனே சொல்வார்கள். சிலர் ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்து சொல்வார்கள். ஒருத்தி சொன்னாள், “சீட்டுக்காரக்கான்னு சொல்லுங்க. எங்க லைன்ல எல்லாருக்கும் ஒரு சீட்டுக்காரக்கா இருக்காங்க.”

இந்தக் கட்டுரை அந்தச் சீட்டுக்கார அக்காவைப் பற்றியது. அவள் பொய். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான். அது சரிதானா என்று அப்போது ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு கேட்டுக்கொள்ளவேண்டி வந்தது.

ஏன் போன் செய்யவேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றும் செய்யாமல் விட்டால், தொற்றுள்ள தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. வருகிற வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தாய் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, பிறந்த பிள்ளைக்கும் மருந்து கொடுத்தால் அது 5க்கும் கீழே போய்விடும். நம் நாட்டில் 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. தாம்பரத்திலுள்ள அரசு நெஞ்சக மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. 2014 முதல், கர்ப்பத்தில் தொற்று தெரிந்த எல்லாப் பெண்களுக்கும் மாத்திரை தொடங்கி, அதை வாழ்நாள் முழுக்கத் தொடரவேண்டும் என்று ஆனது. பிள்ளைக்குக் குறைந்தது ஆறு வாரம் நெவிரபின் சொட்டு. ஆறாவது வாரம், ஆறாவது மாதம், பன்னிரண்டாவது மாதம் என்று ரத்தப் பரிசோதனைகள். தாயின் ரத்தத்திலிருந்து போன எதிர்ப்பான்கள் பிள்ளையின் உடம்பில் நெடுநாள் தங்குவதால், பதினெட்டாவது மாதம்தான் முடிவாகச் சொல்ல முடியும். ஆக, பிள்ளை பிறந்து ஒன்றரை வருஷம் ஒரு பெண் இந்த நூலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அவளுடைய மாத்திரை அதற்குப் பிறகும் நிற்காது.

கர்ப்பமாக இருக்கும்போது இது பெரிய பாடில்லை. அப்போது எல்லோருக்கும் அவள் வேண்டியவள். ஸ்கேன், ஊசி, பிக்மி எண், முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகை என்று ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு ஆயிரம் காரணங்கள் வீட்டாருக்கே தெரியும். பிள்ளை பிறந்ததும் அந்தக் காரணங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோகின்றன. அம்மா வீட்டுக்குப் போகிறாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு திரும்புகிறாள். உடனே கம்பெனி. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகும். பீஸ் ரேட்டில் இருப்பவளுக்கு அதைவிட அதிகமாகப் போகும், கூட உட்காரும் டெய்லர்களின் கோபமும் சேரும். “நல்லாத்தானே இருக்க, எதுக்கு மாசாமாசம் பெரியாஸ்பத்திரி?” என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. இந்த இடத்தில்தான் நூல் அறும். ஆப்பிரிக்க நாடுகளிலும் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில்தான் பெண்கள் சிகிச்சையிலிருந்து அதிகம் நழுவுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். காரணம் வேறு வேறாக இருக்கலாம், காலம் ஒன்றுதான்.

அதனால் போன். எல்லோர் கையிலும்தான் போன் இருக்கிறதே என்று திட்டம் போடுகிறவர்கள் நினைக்கிறார்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாங்களே பயன்படுத்துகிற போன் உள்ள பெண்கள் இந்தியாவில் பாதிக்குச் சற்று மேல், நூற்றுக்கு 54 பேர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ நான்கில் மூவர். மீதி ஒருத்தி யார் என்று யோசித்தால், பெரும்பாலும் நாம் தேடுகிற பெண்தான். கர்ப்பப் பதிவில் எழுதியிருக்கும் எண் புருஷனுடையதாக இருக்கும். அல்லது வீட்டில் விட்டுப்போகிற பழைய பட்டன் போனாக இருக்கும், அதை மாமியார் எடுப்பார். தனக்கென்று போன் வைத்திருப்பவளின் போனும் அவளுடையது மட்டும் அல்ல. பூட்டுக்குறி புருஷனுக்குத் தெரியும். அவன் கேட்டால் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும்.

ஒரு தடவை, அழைப்பவரின் பெயரைத் தானாகவே காட்டுகிற ஒரு செயலியில் என் எண் ‘மாத்திரை ஆபீஸ் அக்கா’ என்று வரத் தொடங்கியது. யாரோ ஒருத்தி என்னை அப்படிச் சேமித்து வைத்திருக்கிறாள், அவள் போனிலிருந்து அது ஊருக்கெல்லாம் போய்விட்டது. தையல் டீச்சராக நான் பேசிக்கொண்டிருந்த வீட்டில் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள். அந்தப் பெண், ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிற ஆபீஸ் என்று சமாளித்தாளாம். மறுநாளே நான் எண்ணை மாற்றினேன். எண்ணை மாற்றியதில் பதினோரு பேரின் தொடர்பு சில வாரங்களுக்கு அறுந்தது. ரகசியத்தைக் காப்பாற்றப் போனால் தொடர்பு போகும், தொடர்பைக் காப்பாற்றப் போனால் ரகசியம் போகும். அந்த வேலையின் அன்றாடம் இதுதான்.

உலகில் வேறு இடங்களிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 2010இல் லான்செட் இதழில் வந்த கென்ய ஆய்வு பலருக்கும் தெரிந்திருக்கும். வாரத்துக்கு ஒரு குறுஞ்செய்தி. அதில் ஒரே சொல்: “மாம்போ?” எப்படி இருக்கிறாய் என்று அர்த்தம். “சாவா” என்று பதில் வந்தால் நலம். “ஷீடா” என்றால் சிக்கல், நர்ஸ் கூப்பிட்டுப் பேசுவார். மருந்து என்ற பேச்சே கிடையாது, நோய் என்ற பேச்சும் கிடையாது. செய்தி பெற்றவர்களில் 62 சதவீதம் பேர் மருந்தை ஒழுங்காக எடுத்தார்கள், பெறாதவர்களில் 50 சதவீதம். 2014இல் அதே நாட்டில் 388 கர்ப்பிணிகளிடம் செய்த இன்னோர் ஆய்வில், செய்தி வந்தால் பதில் அனுப்பவும் பேசவும் முடிந்த தாய்மார்களில் நூற்றுக்கு 92 பேர் குழந்தைக்குப் பரிசோதனை செய்தார்கள், மற்றவர்களில் 85 பேர். ஆனால் அதே 2014இல் தென்னிந்தியாவில் மூன்று இடங்களில் 631 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு பிஎம்ஜே இதழில் வந்தது. வாரம் ஒரு தானியங்கிக் குரல் அழைப்பு, கூடவே ஒரு படச் செய்தி, இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக. பலன் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கென்யாவிலேயே 800க்கும் மேற்பட்ட தாய்மார்களிடம் நடந்த பெரிய ஆய்விலும் குறுஞ்செய்தியால் வித்தியாசம் ஏற்படவில்லை.

ஆய்வு செய்தவர்கள் இதற்குப் பல விளக்கம் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது இது: நினைவூட்டல் என்ற எண்ணமே மறதியை நோயாக நினைக்கிறது. நான் பார்த்த பெண்களில் மறந்துபோய் மாத்திரையை விட்டவள் ஒருத்தி இரண்டு பேர்தான். காலை நாலரை மணிக்கு எழுந்து, சோறாக்கி, டிபன் கட்டி, பிள்ளையைக் கொண்டுபோய் விட்டு, எட்டரை மணிக்குக் கம்பெனி கேட்டில் நிற்கிறவளுக்கு எது மறக்கும்? அவளுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. மாத்திரையை எந்த டப்பாவில் ஒளிப்பது, எப்போது தனியாக விழுங்குவது, லீவுக்கு என்ன காரணம் சொல்வது என்பதுதான் பிரச்சினை. அதற்கு மணியடித்தால் போதாது. எதிர்முனையில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக நான் இருந்தேன் என்பதில் எனக்குப் பெருமை இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

அரசுக் காகிதங்களில் இந்த வேலைக்குத் ‘தொடர் கண்காணிப்பு’ என்று பெயர். கண்காணி என்ற சொல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் நம் ஆட்களை ஓட்டிக்கொண்டு போனவர்களின் பதவிப் பெயர். ‘பின்தொடர்தல்’ என்று மாற்றலாமே என்று ஒரு பயிற்சியில் சொன்னேன். இருட்டில் ஒரு பெண்ணின் பின்னால் போகிறவனுக்கும் அதே சொல்தானே என்று இன்னொருத்தி சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். சிரிக்கிற விஷயமும் இல்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகத் தெரியவந்தது 1986இல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்தத்தில். அது காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களின் ரத்தம். தொற்று இருக்கிறது என்பதற்காகவே பெண்களை வெளியே விடாமல் வைத்திருந்த காலமும் இங்கே இருந்தது. அவர்களை விடுவிக்க நீதிமன்றத்துக்குப் போகவேண்டியிருந்தது. பெண்ணைக் காப்பதும் அடைப்பதும் இந்தத் துறையில் ஆரம்பம் முதலே ஒட்டிப் பிறந்தவை. நான் சனிக்கிழமை போனை எடுக்கும்போது அந்த இரண்டில் எது என் கையில் இருந்தது?

சட்டம் ஓரளவுக்கு எங்கள் பக்கம் இருக்கிறது. 1998இல் ‘மிஸ்டர் எக்ஸ்’ வழக்கில், திருமணம் நிச்சயமான பெண் தரப்புக்கு ஓர் ஆணின் தொற்று தெரியவந்தது அவனுடைய அந்தரங்க உரிமையை மீறியதாகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017இல் வந்து, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், ஒருவர் ஒப்புதல் இல்லாமல் அவருடைய தொற்றை வெளியிடக் கூடாது என்கிறது. துணைவருக்குச் சொல்ல மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் சில நிலைமைகளில் இடம் உண்டு. ஆனால் சொன்னால் அடி விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்று நியாயமான அச்சம் இருந்தால், குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில், சொல்லவே கூடாது என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறது. அந்த வரியை எழுதவைத்தவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். நாமக்கல்லிலிருந்து வந்த கௌசல்யாவைப் போன்றவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வெளியே வைத்து, 1998லேயே பாசிட்டிவ் பெண்களுக்கென்று ஓர் அமைப்பைக் கட்டியதால், என்னைப் போன்றவர்கள் பெயரை மறைத்துக்கொண்டு வேலை செய்ய முடிந்தது.

ஆனால் சட்டம் ‘சொல்லாதே’ என்கிறது. ‘பொய் சொல்’ என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. “ஆருங்க பேசறது?” என்று மாமியார் கேட்கும்போது பேசாமல் இருக்க முடியாது. பேசாமல் வைத்தால், மருமகளுக்கு எவனோ போன் செய்கிறான் என்று ஆகிவிடும்.

இமானுவேல் கான்ட் 1797இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை உண்டு. கொலைகாரன் ஒருவன் கதவைத் தட்டி, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால் பொய் சொல்லலாமா? கூடாது என்கிறார் கான்ட். படிக்கிறவர்களுக்கு எரிச்சல் வரும், எனக்கும் வந்தது. குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்று வள்ளுவர் சொன்னதே நமக்குச் சரியாகப் படும். ஆனால் கான்ட் சொல்கிற காரணத்தை எடுத்தெறிய முடியாது. உண்மையைச் சொல்லி ஏதாவது நடந்தால் அது உன் தலையில் விழாது. பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் உன் கணக்கில் ஏறும். அவன் வீட்டில் இல்லை என்று நீ சொன்னாய், அவனோ உனக்குத் தெரியாமல் பின்வாசலில் இறங்கிப்போய்க் கொலைகாரன் கையிலேயே மாட்டினான் என்றால், அது நீ செய்தது. வள்ளுவர் கேட்கிற ‘குற்றமில்லாத நன்மை’ வந்ததா இல்லையா என்பது பொய் சொல்கிற நேரத்தில் தெரியாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இனிச் சீட்டு.

அவளுக்கு இருபத்துமூன்று வயது. கைமடி வேலையிலிருந்து ஓவர்லாக்குக்கு வந்தவள். நான்காம் மாதம் தொற்று தெரிந்தது. புருஷன் பரிசோதனைக்கு வரவில்லை. அவனிடம் சொன்னால் என்ன ஆகும் என்பதை அவள் தன் முழங்கையைக் காட்டிச் சொன்னாள். பெண் குழந்தை, ஜனவரியில் பிறந்தது. ஆறாம் வாரமும் ஆறாம் மாதமும் பரிசோதனை நல்லபடியாக முடிந்தது. நான் வாரம் தவறாமல் கூப்பிடுவேன். பாதி நாள் மாமியார்தான் எடுப்பார். “சீட்டு விஷயமுங்கம்மா, மருமக வந்தா சொல்லுங்க” என்பேன். பேச்சு வளர்ந்தது. எவ்வளவு சீட்டு என்று ஒரு நாள் கேட்டார். நான் தடுமாறாமல், “தீபாவளிச் சீட்டுங்க, பத்தாயிரம்” என்றேன். எனக்குப் பொய் நன்றாக வந்துகொண்டிருந்த காலம் அது. அந்தத் தொகையை அவளிடம் சொல்லவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

தீபாவளி வந்தது. புருஷன் சீட்டுப் பணத்தைக் கேட்டான். இல்லை என்று சொல்ல முடியாது, ஒரு வருஷமாகச் சீட்டுக்காரி போன் செய்கிறாளே. கட்டவில்லை என்றும் சொல்ல முடியாது, அப்படியானால் அவள் யார் என்ற கேள்வி வரும். அவள் வார வட்டிக்குப் பத்தாயிரம் வாங்கி, சீட்டு முடிந்தது என்று அவன் கையில் கொடுத்துவிட்டாள். கடனை அடைக்க ஒன்றரை ஷிப்ட் பார்த்தாள். ஒரு நாள் லீவு போட்டாலும் அந்த வாரத் தவணை இடிக்கும். மாத்திரை வாங்க வரவில்லை. ஜனவரியில் பன்னிரண்டாம் மாதப் பரிசோதனைக்கும் வரவில்லை.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், என் பட்டியலில் ஒரு பெயருக்கு நேரே சிவப்பு ஏறுகிறது என்பது. இன்னும் அடிக்கடி கூப்பிட்டேன். அவளே எடுத்து, “ராங் நம்பர்” என்று வைத்தாள். மூன்று தடவை அப்படி. நேரில் போ என்றார்கள். போனேன். லைன் வீட்டின் பொதுக்குழாயில் குடத்தோடு நின்றிருந்தாள், இடுப்பில் பிள்ளை. என்னைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் திரும்பி வந்து ‘வீடு பூட்டியிருந்தது’ என்று பதிவேட்டில் எழுதினேன்.

கூட வேலை செய்த ஒருத்தியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டினாள். “அவ வேண்டாம்னு சொல்ல அவளுக்கு உரிமை இருக்கு, சரி. அந்தப் பிள்ளை வேண்டாம்னு சொல்லுச்சா? அவளுக்கு மட்டுந்தான் நீ அக்காவா?” அவள் கேட்டது நியாயம். ராங் நம்பர் என்பது ஒரு பெண் தன் ஒப்புதலைத் திரும்பப் பெறுகிற சொல் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவளுடைய ஒப்புதலில் இன்னோர் உயிரின் காரியமும் அடங்கியிருந்தது. தாயின் விருப்பம் என்று நாம் மதிப்பதும், தாய்க்குள் பிள்ளையைக் கரைத்துவிடுவதும் சில சமயம் ஒன்றாகவே தெரிகின்றன. பிள்ளையைச் சாக்காக வைத்துத்தான் தாயின் மேல் ஊரே ஏறி உட்காருகிறது என்பதும் எனக்குத் தெரியும். அன்று கதவைத் தட்டியிருக்கவேண்டுமா என்று இப்போதும் தெரியவில்லை. பிள்ளையின் முடிவு வேறு மாதிரி வந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன் என்று மட்டும் தெரியும்.

மார்ச்சில் ஒரு நாள் தெரியாத எண்ணிலிருந்து மிஸ்டு கால். திரும்பக் கூப்பிட்டேன். “நான்தான்க்கா” என்றாள். ஆஸ்பத்திரி வளாகத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முழுக்கதையும் சொன்னாள். அழவில்லை. “நீங்க வெச்ச சீட்டுக்கு இன்னும் நான்தான் கட்டிட்டிருக்கேன்” என்றாள்.

கரோல் கில்லிகன் 1982இல் எழுதிய நூலில் பதினொரு வயதுப் பையனும் பெண்ணும் வருவார்கள். சாகக்கிடக்கும் மனைவிக்கு மருந்து வாங்கக் காசில்லாதவன் மருந்தைத் திருடலாமா என்பது கேள்வி. பையன், உயிர்தான் பெரிது, திருடலாம் என்று கணக்குப் போட்டு முடித்துவிடுகிறான். அந்தப் பெண் தடுமாறுகிறாள். திருடினால் ஜெயிலுக்குப் போவான், அப்புறம் அவளுக்கு மறுபடி நோய் முற்றினால் யார் மருந்து கொண்டுவருவது, கடைக்காரனிடம் பேசிப் பார்க்கலாமே என்கிறாள். பழைய அளவுகோலில் அவளுக்கு மதிப்பெண் குறைவு. எனக்கு அவளைப் பிடிக்கும், வகுப்புகளில் அவளைப் பற்றிப் பேசியிருக்கிறேன். ஆனால் போனில் நான் அந்தப் பையனாகத்தான் இருந்தேன். உயிர் பெரிது, ஆகவே பொய் சரி, கணக்கு முடிந்தது. பொய் சொன்ன மறுவாரம் அந்த வீட்டில் அது என்னவாகும் என்று அந்தச் சிறுமி கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை. சீட்டுக்காரி என்ற பெயரை அவள் தந்தாள். பத்தாயிரம் என்ற தொகையை நான் சேர்த்தேன். அவள் ஒப்புக்கொண்ட பொய்க்கும் நான் வளர்த்த பொய்க்கும் நடுவில்தான் அவளுடைய கடன் இருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், அதை ஒப்புக்கொள்ள எனக்கு நாளானது. நன்றாகச் சொல்லப்பட்ட ஒவ்வொரு பொய்யும் அந்த வீட்டைக் கொஞ்சம் சௌகரியமாக ஆக்கியது. அவனுக்குப் பரிசோதனை செய்யவேண்டிய அவசியம் வரவில்லை. அவனுடைய மானம் காப்பாற்றப்பட்டது, அதற்கான செலவை அவள் ஒன்றரை ஷிப்டில் கட்டினாள். அப்படியென்றால் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டுமா என்று மாணவிகள் கேட்கிறார்கள். அவளுடைய முழங்கையைப் பார்த்தவள் அப்படிச் சொல்ல மாட்டாள். எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒன்று அழுக்காகிறது. அழுக்காகாத வழி இருந்தது என்று பிறகு யாராவது விளக்கினால் எனக்குக் கோபம் வருகிறது.

மூவாயிரம் ரூபாய் கொடுத்தேன். அப்படிக் கொடுக்கக் கூடாது என்பது விதி. வாங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள், நன்றி சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு நிபந்தனை போட்டாள். “இனி நீங்க கூப்பிட வேண்டாம். நான் மிஸ்டு கால் விடறேன். ரெண்டு ரிங். அப்ப மட்டும் கூப்பிடுங்க. நான் விடலைன்னா விட்டிருங்க.” எவ்வளவு நாள் விடவேண்டும் என்று கேட்டேன். யோசித்தாள். “ஒரு மாசம். ஒரு மாசத்துக்கு மேல வரலைன்னா கம்பெனி கேட்டுக்கு வாங்க. வீட்டுக்கு வேண்டாம்.” என் ஆறு வருஷ வேலையில் எந்தப் பயிற்சியிலும் இவ்வளவு தெளிவான ஒப்பந்தத்தை நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு மற்ற பெண்களிடமும் இதையே கேட்கத் தொடங்கினேன்: நான் யாராக வரவேண்டும் என்று மட்டும் கேட்காமல், யார் முதலில் கூப்பிடுவது, எத்தனை நாள் மௌனத்துக்கு என்ன அர்த்தம், தேடி வரலாமா, எந்தக் கதவுக்கு. சிலர் நீங்களே கூப்பிடுங்கள் என்றார்கள், அவர்களுக்கு அந்தக் குரல் வேண்டியிருந்தது. இரண்டு பேர் தேடவே வேண்டாம் என்றார்கள். அவர்களில் ஒருத்தி வந்தாள், ஒருத்தி வரவில்லை. ஒப்பந்தம் போட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

அவளுடைய மிஸ்டு கால் மாதத்துக்கு ஒன்று வந்தது. தள்ளிப்போன பரிசோதனை பதினான்காம் மாதத்தில் முடிந்தது. மாத்திரை விட்டுப்போன இரண்டு மாதத்தில் அவள் ரத்தத்தில் வைரஸ் ஏறியிருந்தது, பிறகு இறங்கியது. ஜூலையில் பதினெட்டாம் மாதப் பரிசோதனை. பிள்ளைக்குத் தொற்று இல்லை என்று வந்தது. காகிதத்தை நாலாக மடித்து, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்று என்னிடமே கொடுத்துவிட்டாள்.

அந்த ஐப்பசியில், தீபாவளி முடிந்த இரண்டாம் நாள், அந்த வீட்டுப் பட்டன் போனிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. எடுக்கவா வேண்டாமா என்று யோசித்து எடுத்தேன். மாமியார்.

“சீட்டுக்காரம்மாங்களா? போன வருசம் மருமகளுக்குத் தீவாளிக்குச் சொன்ன மாதிரி பணத்தக் குடுத்தீங்கல்லங்க. வர்ற வருசச் சீட்டுல என்னையும் சேத்திக்குவீங்களா?”

சீட்டை நிறுத்திவிட்டேன் என்றேன்.

“அடடா,” என்றார். “நம்பிக்கையான ஆளு கெடைக்கறதே கஷ்டமா இருக்குதுங்க அம்மிணி.”